கோழிச் சிறகில் ஒரு காயம்

1911இல் நியூயார்க்கில் பெய்டன் ரௌஸ், கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வந்தது 1966இல், அவருடைய 87ஆவது வயதில். (நம்ம ஊர் பென்ஷன் ஃபைலே பரவாயில்லை.)

நான் சொல்ல வந்தது அப்புறம் நடந்த கதை. 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில் விஞ்ஞானி மினா பிஸ்ஸெலின் குழு அதே வைரஸை, முட்டைக்குள் வளரும் கோழிக்கருவில் செலுத்தியது. வைரஸ் செல்களுக்குள் புகுந்தது. அதன் புற்றுநோய் மரபணுவும் வேலை செய்தது. ஆனால் கட்டி வரவில்லை! கரு தன் பாட்டுக்கு வளர்ந்தது, இறகு முளைத்தது. சரி, அதே செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால்? புற்றுச்செல்களாக மாறிவிட்டன.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளின் ஒரு சிறகில் அதே வைரஸை ஊசியால் செலுத்தியபோது கதையே வேறு. ஊசி போட்ட சிறகில் கட்டி வந்தது. ஊசி போடாத மறு சிறகில் காயம் பட்டால் அங்கேயும் வந்தது. காயத்தை ஆற்றச் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளே (செல்களின் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள்) கட்டிக்கும் வழிவிட்டிருந்தன.

மரபணு கெட்டால் புற்றுநோய் என்று பள்ளியில் படித்தது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதைதான். சுற்றியிருக்கும் திசு அந்தச் செல்லை அடக்கியும் வைக்கிறது, சில சமயம் அவிழ்த்தும் விடுகிறது.

காய்கறி நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவர்கள் பதற வேண்டாம். இது கோழி வைரஸ்.