தாடிக்காரரைப் படித்த வாரம்

மார்ச் 4, செவ்வாய்

சிட்னி சென்டெனியல் பார்க்கில் அந்தத் தாடிக்காரர் சிலையை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். ஹென்றி பார்க்ஸ், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனிக்குப் பிரீமியராக, அதாவது முதல்வராக, 5 முறை இருந்தவர். இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தந்தக் கடைசல் வேலை, சொந்தக் கடை நொடித்துப்போனது. 1839-இல் அரசு உதவியில் இலவசமாகக் கப்பலேறினார். சிட்னியில் இறங்க இரண்டு நாள் இருக்கும்போது மனைவி கிளாரிண்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கையில் சில ஷில்லிங்தான். முதலில் கிடைத்தது பண்ணைக் கூலி.

மார்ச் 6, வியாழன்

பணக் கணக்கு மட்டும் மனிதருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. 1850-இல் தொடங்கிய 'எம்பயர்' பத்திரிகை 1858-இல் சுமார் 50,000 பவுன் கடனில் மூழ்கியது. 1870-இல் மறுபடி திவால், சட்டசபை இடமும் போயிற்று. 1887-இல் இன்னொரு முறை. அப்போது அவர்தான் பிரீமியர்! மக்கள் அதற்காக அவரை ஒதுக்கிவிடவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர் 1880-இல் கட்டாயக் கல்விச் சட்டம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு வாரம் 3 பென்ஸ் கட்டணம். சபாஷ் என்று எழுதி வைத்தேன். அப்புறம் 1888. சீனர்களை ஏற்றி வந்த 'ஆப்கான்' கப்பலை இறக்கவிடாமல் மறித்தார். அந்த ஆண்டே ஒரு சட்டம்: உள்ளே வரும் சீனர் தலைக்கு 100 பவுன் வரி. தான் வந்தபோது ஒரு காசு கட்டாதவர்! புத்தகத்தை மூடிவிட்டு என் பழைய விசா ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

ரயிலில் ஃபால்கன்பிரிட்ஜ் போனேன். ஊருக்கு பார்க்ஸுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். அவருடைய கல்லறை இங்கேதான், கிளாரிண்டாவுக்குப் பக்கத்தில். 1889-இல் டென்டர்ஃபீல்டு என்ற ஊரில் ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்றுசேர வேண்டும் என்று பேசியவர், 1896-இல் போய்ச்சேர்ந்தார். 1901-இல் அந்தக் காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா என்ற ஒரே நாடு பிறந்தது, அதே சென்டெனியல் பார்க்கில். ஃபால்கன்பிரிட்ஜ் பூங்காவில் ஆஸ்திரேலியப் பிரதமர்கள் பெயரில் ஆளுக்கொன்றாக நட்ட ஓக் மரங்கள். சில பெரிதாக, சில நோஞ்சானாக. கீழே கிடந்த ஒரு ஓக் கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடித்தேன்.