பாட்டு கேட்கப் போய் பிரிண்டர் ஓடிய கதை

காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தப்பா போன். "ஏண்டா, உங்கப்பா குடுத்த நம்பரைப் போட்டேன். பாட்டு வரல. கறுப்பு மை கம்மியா இருக்குன்னு வருது."

அப்பா பக்கத்தில் பேப்பர் படிக்கிற பாவனையில் இருந்தார். அந்தப் பாவனை எங்கள் வீட்டில் பிரசித்தம்.

ஹாலில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் பாட்டெல்லாம் இருக்கிறது. பைத்தானில் ஒரு வரி போட்டு வீட்டுக்குள் திறந்துவிட்டிருக்கிறேன். மொபைலில் அதன் ஐபி எண்ணை (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) அடித்தால் பட்டியல் வரும், தொட்டால் பாடும். எண்ணுக்குப் பின்னால் கோலன் தட்டச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்பதால் பிரவுசர் தானாகவே தட்டுகிற கதவு எண்ணான போர்ட் 80 கொடுத்திருந்தேன்.

சிக்கல் என்னவென்றால், ராத்திரி பத்து அடித்தால் "சும்மா எதுக்கு எரியுது" என்று ரவுட்டரை அணைத்துவிடுவார். (ஃப்ரிட்ஜையும் ஒருமுறை இதே கொள்கைப்படி... சரி, அது வேண்டாம். அம்மா இதைப் படிப்பாள்.) காலையில் முழித்துக்கொள்ளும் ரவுட்டருக்கு முந்தின நாள் யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதே நினைவிருக்காது. ஒரு நாள் 192.168.1.4, மறுநாள் 192.168.1.7. காபி டம்ளரோடு வந்து, தங்கம் விலை விசாரிக்கிற தொனியில் "இன்னைக்கு எவ்வளவு?" என்பார்.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான், அன்றைய ஐபி எண்ணைக் காட்டுகிற ஒரு புரோகிராமைச் சி மொழியில் எழுதினேன். "டெர்மினல்ல ஒரு கமாண்ட் அடிச்சா வந்துடுமே" என்றாள் மனைவி. வரும்தான். அது கொட்டுகிற விவரத்திலிருந்து அப்பா எண்ணைப் பொறுக்கி எடுப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு ஆகிவிடும். தவிர, ஆபீசில் ஜாவாவும் மீட்டிங்குமாகக் கழிகிற பிழைப்பில் சி எழுத ஒரு சாக்கு கிடைத்தால் விடுவேனா?

சியில் இது சுகமான வேலை. கெட்-இஃப்-ஆடர்ஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால், மெஷினில் உள்ள நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களை (கார்டுகளும் அவை போன்றவையும்) எல்லாம் லிங்க்டு லிஸ்ட் என்கிற சங்கிலியாகக் கோத்துக் கையில் கொடுத்துவிடும். ஒரே கார்டு இரண்டு மூன்று தடவை தலைகாட்டும்: பழைய வகை முகவரியான ஐபிவி4க்கு ஒன்று, புதிய வகையான ஐபிவி6க்கு ஒன்று, லினக்ஸில் கார்டின் சொந்த எண்ணான மேக் அட்ரஸுக்கு இன்னொன்று. சில இன்டர்ஃபேஸ்களுக்கு முகவரிப் பாயிண்டர் NULL, அதாவது வெறுமையாகவே இருக்கும். சோதிக்காமல் கைவைத்தால் செக்மென்டேஷன் ஃபால்ட், புரோகிராம் அங்கேயே செத்துவிடும். இதையே பழைய ஐஆக்டல் வழியில் கேட்டால், விடையை வாங்கிக்கொள்ளும் பஃபர் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று நாமே ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் அப்பாவுக்கு ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். சட்னி எங்கே என்று கேட்டார்.

முதல் தடவை ஓட்டியபோது வேண்டிய எண்ணோடு 127.0.0.1 வந்தது, டாக்கர் என்ற மென்பொருளின் 172.17.0.1 வந்தது, ஐபிவி6இல் எஃப்ஈ80 என்று தொடங்கி நடுவில் சதவீதக் குறியோடு ஒன்று வந்தது. "ஒரு கம்ப்யூட்டருக்கு எதுக்குடா இத்தனை?" என்றவர், அதில் 127.0.0.1ஐத் தேர்ந்தெடுத்தார். ஏன் என்றால், "அதுதான் தினமும் மாறாம இருக்கு."

தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எண்ணை எந்தக் கருவியில் அடித்தாலும் அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும். அப்பாவின் மொபைல் தனக்குள் பாட்டைத் தேடிவிட்டுக் கைவிரித்தது. அதனால் இப்படித் தன்னையே குறிக்கிற, லூப்பேக் கொடி உள்ளதை விலக்கினேன், டாக்கரை விலக்கினேன், ஐபிவி6ஐயும் விலக்கினேன். பெரிய எழுத்தில் ஒரே வரிதான் மிச்சம். "என் 127 எங்கே?" என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வரியைத்தான் நேற்று ராத்திரி தம்பிக்குப் படித்துக் காட்டியிருக்கிறார், ஸ்ரீரங்கத்திலிருந்து கேட்கட்டும் என்று. சித்தப்பா வீட்டில் 192.168.1.7 அவர்களுடைய பிரிண்டர். அதன் செட்டிங்ஸ் பக்கம் மொபைலில் திறந்திருக்கிறது. பாட்டு எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்று கண்ட பட்டனையும் அமுக்கியிருக்கிறார். சோதனைப் பக்கம் பட்டை பட்டையாக வந்து விழ, சித்தி எழுந்துவிட்டாளாம்.

"அண்ணன் வீட்டு நம்பரும் எங்க வீட்டு நம்பரும் எப்படிடா ஒண்ணா இருக்கும்? கேட்க ஆளே இல்லையா?"

1996லிருந்து அப்படித்தான் சித்தப்பா, என்றேன். ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான், அதனால் 192.168 மாதிரிச் சில வரிசைகளை வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்துவிட்டார்கள், வீட்டு வாசலைத் தாண்டினால் செல்லாது என்றேன். "மைக்கு யாரு காசு தர்றது?" என்றார்.

இதற்குள் மனைவி ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸோடு 7ஐக் கட்டிப்போட்டுவிட்டாள். இனி மாறாது. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என் புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "இருடா, வைக்காதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் சித்தப்பா கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். சரணத்தில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். எனக்குப் பத்தரைக்கு அதே ஹாலில் மீட்டிங். மேனேஜர் கேட்ட கேள்விக்கெல்லாம் சாட்டில் பதில் அடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள்.