பன்னிரண்டு வோல்ட்தானே?

என் பத்தாம் நம்பர் ஸ்பேனரில் ஓர் ஓரம் மட்டும் எலி கொறித்த மாதிரி இருக்கும். தேய்ந்து போனதல்ல, உருகிப் போனது. அரை நொடிகூட ஆகியிருக்காது.

காரில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். சிவப்பு மூடி போட்ட பிளஸ் டெர்மினல்தான் கைக்கு வாட்டமாக இருந்தது, அதையே முதலில் திருகினேன். ஸ்பேனரின் மறுமுனை பக்கத்துத் தகட்டில் பட்டது. பளீரென்று ஒரு வெளிச்சம், பட்டாசு வெடித்த சத்தம். ஸ்பேனரைக் கீழே போட்ட பிறகுதான் போட்டேன் என்பதே உறைத்தது. அந்தக் கையில் மோதிரம் இருந்தது. அதுவும் நடுவில் மாட்டியிருந்தால்? இப்போதெல்லாம் பானெட்டைத் திறக்கும் முன்பே மோதிரமும் வாட்சும் சட்டைப்பைக்குப் போய்விடும்.

பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பது பொதுவாக உண்மைதான். அந்த அலட்சியம்தான் வினை. இன்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைக் கொடுக்கத்தான் பேட்டரியைச் செய்திருக்கிறார்கள். நேராக ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் பாயும். தோலைத் தாண்டி உள்ளே போகாத மின்சாரம் இரும்பை உருக்கிவிடும்.

நான் பிளஸை முதலில் திருகியதுதான் தப்பு, மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். சரி, ஏன்? வண்டியின் பாடி முழுக்க மைனஸோடு இணைந்திருக்கிறது. மைனஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், எதுவும் நடக்காது. கழற்றிவிட்டால் அப்புறம் பிளஸில் வேலை செய்யும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் மின்சாரம் திரும்பி வர வழி இல்லை. மாட்டும்போது தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். ஒரு சின்ன விஷயம், கழற்றிய மைனஸ் கேபிள் சும்மா கிடக்காது. வளைந்து பழகிய கேபிள் என்பதால் மெல்லத் திரும்பி டெர்மினல் மேலேயே போய் உட்காரப் பார்க்கும். நான் அதற்கு ஒரு பழைய துணியைச் சுற்றி ஓரமாகக் கட்டி வைப்பேன்.

ஃபியூஸிலும் ஒரு முறை புத்தி கெட்டுப்போனது. ஹாரன் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று நீல நிறப் பதினைந்து ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டுப் பச்சை நிற முப்பது ஆம்பியரைச் செருகினேன். ஃபியூஸ் போகவில்லை. ஒயர் போனது. டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தபோதுதான் ஃபியூஸ் ஹாரனுக்குக் காவல் இல்லை, ஒயருக்குக் காவல் என்று புரிந்தது. உள்ளே ஒயரின் தோல் ஓரிடத்தில் உரசித் தேய்ந்து கிடந்தது. அதைத் தேடியிருக்க வேண்டியவன் நான்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதனால் அதன் தலைமாட்டில் தீப்பொறி கூடாது. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர், ஹைபிரிட் வண்டிகளின் ஆரஞ்சு கேபிள் இரண்டையும் நான் தொடுவதே இல்லை. ஆரஞ்சில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அங்கே என் ஸ்பேனர் கதை சிரிக்கும் கதையாக முடியாது.

வேலை முடிந்து மைனஸை இறுக்கினால் டேஷ்போர்டு கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அடுத்த நாள் என் மனைவி வண்டியில் ஏறியதும் கேட்கிற முதல் கேள்வி: "மறுபடியும் என்னத்தக் கழட்டினீங்க?"