கமெய்தோ தென்ஜின்: பூப்பந்தலுக்கு அடியில் ஒரு கல்வித் தெய்வம்

தோக்கியோவில் கமெய்தோ ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் தென்ஜின் சாமி கோயில். ஏப்ரல் கடைசியில் போனோம்; விஸ்டீரியா பூக்கும் பருவம், நல்ல கூட்டம். வாயிலைத் தாண்டியதுமே முதுகை வளைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பாலம். வளைவு அத்தனை செங்குத்து என்பதால் படியைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். நிமிர்ந்த தலையோடு யாரும் இந்தச் சன்னிதிக்குப் போக முடியாது. மொத்தம் மூன்று பாலங்கள். முதலாவது இறந்தகாலம், நடுவே தட்டையாக இருப்பது நிகழ்காலம், கடைசி வருங்காலம் என்கிறார்கள்.

தென்ஜின் ஒரு காலத்தில் மனிதர். சுகவாரா நோ மிச்சிசானே. பெரிய அறிஞர், கவிஞர், கியோத்தோ அரசவையில் அமைச்சர். எதிரிகள் கோள் மூட்டியதில் 901இல் தொலைதூர தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903இல் அங்கேயே கண்மூடினார். அப்புறம் அன்றைய தலைநகரான கியோத்தோவில் அடுத்தடுத்துச் சாவுகள். 930இல் அரண்மனை மேலேயே இடி விழுந்தது. எல்லாம் அவர் கோபம்தான் என்று நடுங்கியவர்கள் அவருக்குக் கோயில் எடுத்தார்கள். இடியாக வந்தவர் எப்படியோ பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தெய்வமாகிவிட்டார். வேண்டுதல் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன, பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பெயர்களோடு.

தசாய்ஃபு கோயிலைப் பார்த்து, குளமும் பாலமுமாக 1662இல் இதைக் கட்டினார்கள். இன்றிருக்கும் கட்டடம் 1945 குண்டுவீச்சில் எல்லாம் எரிந்த பிறகு எழுந்தது. பழைய கோயிலைப் பார்க்க ஓவியர் ஹிரோஷிகேயிடம்தான் போக வேண்டும். 'எதோ' என்பது தோக்கியோவின் பழைய பெயர். அந்த நகரின் நூறு காட்சிகளை மரக்கட்டை அச்சில் வரைந்த அவர், 1856இல் இந்த இடத்தையும் வரைந்தார். மேலிருந்து விஸ்டீரியாக் கொத்துகள் நம் முகத்தில் உரசுவதுபோல் தொங்குகின்றன. அவற்றின் இடுக்கில் பாலம், அதில் எறும்பளவு மனிதர்கள். சில அச்சுப் பிரதிகளில் பாலத்துக்கு அடியில் தெரியும் வானத்துக்கும் தண்ணீரின் நீலத்தையே பூசிவிட்டார்கள், அச்சிட்டவர் கைத்தவறு. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

படத்தில் சன்னிதியே இல்லை. முதலில் குறையாகத் தெரிந்தது. பந்தலுக்கு அடியில் நின்றபோது அப்படித் தோன்றவில்லை. குளத்தில் ஆமைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெயில் காய, எல்லோரும் பூவைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹிரோஷிகே வந்திருந்தாலும் இதைத்தான் வரைந்திருப்பார். ஆனால் பின்னால் நிற்கும் 634 மீட்டர் ஸ்கைட்ரீ கோபுரத்தை என்ன செய்திருப்பாரோ!

சன்னிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். பக்கத்தில் படுத்திருக்கும் காளைச் சிலையைத் தடவிக் கும்பிடுகிறார்கள். தடவித் தடவியே பளபளத்துப் போயிருக்கிறது. வளாகத்துக்குள் பென்டன் சன்னிதியும் உண்டு. நம் சரஸ்வதிதான், பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்தவள். கல்விக்கு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கும்பிட்டாயிற்று.

ஹிரோஷிகே வரைந்த பிளம் தோட்டமும் அருகில்தான் இருந்தது. வான்கா 1887இல் பார்த்து வரைந்தாரே, அதே படம். 1910 வெள்ளத்தோடு தோட்டம் போய்விட்டது. இப்போது அடையாளக் கல் மட்டும். அதற்கு நேரமில்லையென்றால், கோயில் பக்கத்தில் 1805 முதல் இருக்கும் ஃபுனபாஷியா கடையில் குசுமோச்சி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். புளிக்கவைத்த கோதுமை மாவுச்சத்தை அவித்து, மேலே கருஞ்சர்க்கரைப் பாகும் வறுத்த சோயா மாவும் போட்டுத் தருகிறார்கள். பூக்காலத்தில் அங்கேயும் வரிசைதான்.