அன்னாளை எருசலேமுக்குக் கூட்டிப்போனேன்

பொருத்தனையை (ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டதை) நிறைவேற்ற கிட்டத்தட்ட ஏழு வருஷம் தாமதமாகிவிட்டது, அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் போகாத ஆஸ்பத்திரி இல்லை, கேட்காத பேச்சு இல்லை என்று ஆன பிறகு 2012-ல் பிறந்தவள் என் மகள். பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற வேதத்து அன்னாள் மாதிரி "பிள்ளையை உமக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "எருசலேமுக்குக் கூட்டிவந்து நன்றி சொல்கிறேன் ஆண்டவரே" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அதுவே எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை. இரண்டு சீட்டு போட்டு, ஒன்றை இடையில் ஒரு வைத்தியச் செலவு தின்று, 2019 பிப்ரவரியில்தான் கிளம்ப முடிந்தது. நான், அவர், மகள், என் மாமியார்.

அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பிள்ளை இல்லாத வருஷங்களில் அவர்கள் எனக்குக் கொஞ்சம் பெனின்னாளாகத்தான், அதாவது அன்னாளைப் பிள்ளையில்லை என்று நோகடித்த சக்களத்தியாகத்தான், இருந்தார்கள் (இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்). மாமா இறந்த மறு வருஷம் மகள் பிறந்தாள். மாமா பேர் யோவான். பேரன் பிறந்தால் அந்தப் பேரை வைக்க வேண்டும் என்று அத்தை மனசுக்குள் எழுதியே வைத்திருந்தார்கள். பெண் என்று நர்ஸ் சொன்னதும், "சரி, ஆண்டவர் சித்தம், அவுக பேர் அவுகளோட போச்சு" என்றார்கள். பிரசவ வலியைவிட அந்த வார்த்தைதான் எனக்கு நினைவிருக்கிறது. நான் பிடிவாதமாக அன்னாள் என்று பேர் வைத்தேன்.

பாவம், பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரால் அவள் படாத பாடில்லை. "அந்நாளா, இந்நாளா, எந்நாள்?" என்று ஒரு கூட்டமே பின்னால் வரும். சாராள், ரெபெக்காள், லேயாள் என்று வேதத்தில் எத்தனையோ பெண்களின் பேருக்கு நம்மவர்கள் தமிழில் ஒரு "ஆள்" சேர்த்துவிட்டார்கள், ராகேலும் ரூத்தும் எப்படியோ தப்பித்தார்கள். எபிரெயத்தில் அது ஹன்னா. அந்த "ஹ" தொண்டையின் அடியிலிருந்து வரும், காறுகிற மாதிரி. கிரேக்கத்துக்குப் போனபோதே அது உதிர்ந்து அன்னா ஆகிவிட்டது. இதெல்லாம் எங்களோடு வந்த ஐயர் சொன்னது (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வோம்). அர்த்தம் கிருபை என்று எனக்கு முன்னமே தெரியும், தெரிந்துதான் வைத்தேன். தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பது அங்கே போனபிறகுதான் புரிந்தது.

போன கஷ்டத்தை நீட்டவில்லை. ஜோர்டானிலிருந்து எல்லை தாண்ட நாலரை மணி நேரம், என் கணவரை மட்டும் தனியாக உட்காரவைத்து தாத்தா பேர் வரை கேட்டார்கள், பிள்ளை பெட்டி மேலேயே தூங்கிவிட்டாள். டூர்காரர் தருவதாகச் சொன்ன "இந்திய உணவு" மூன்று நாளும் ஒரே மஞ்சள் சோறு. அத்தை கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாய் இல்லாவிட்டால் இந்தப் பயணக்கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

எருசலேமுக்கு ஏறும்போது பஸ்ஸில் ஐயர் மைக்கை வாங்கி ஒன்று சாமுவேல் முதலாம் அதிகாரம் வாசித்தார். சீலோ எருசலேமுக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் போலத்தான், ஆனால் எங்கள் திட்டத்தில் அது இல்லை, அந்தத் திசையைக் கை காட்டினதோடு சரி. அங்கேதான் அன்னாள் சத்தமில்லாமல் ஜெபித்தாள், ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தான். அவள் பதில் சொன்ன பிறகு ஏலி சமாதானத்தோடே போ என்கிறான் இல்லையா, அதற்கு அவள், உம்முடைய கண்களில் எனக்குத் தயை கிடைக்கட்டும் என்கிறாள். அந்தத் தயைக்கு எபிரெயத்தில் ஹேன் என்று வார்த்தையாம். அவள் பேர் பிறந்த அதே வேர். அதாவது தன் பேரையே கேட்டு வாங்கியிருக்கிறாள். எத்தனை தடவை அழுதுகொண்டே வாசித்த அதிகாரம், இது எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த வரி அதைவிட. போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை." அப்போது பிள்ளை உண்டாகவே இல்லை, வீட்டில் பெனின்னாள் அப்படியேதான் இருக்கிறாள், ஒன்றுமே மாறவில்லை, இவள் சாப்பிட்டுவிட்டாள்! நான் ஒன்பது வருஷத்தில் எத்தனை ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளப்பிவிட்டார் வழிகாட்டி. பெத்லகேம்காரர், கிறிஸ்தவர், வீட்டில் அரபி, வேலையில் எபிரெயம், எங்களிடம் ஆங்கிலம். கூட்டம் வருமுன் இயேசுவின் கல்லறை ஆலயத்துக்குப் போய்விடலாம் என்றார். எங்களுக்கு முன்னே ஆறு பஸ் கூட்டம் நின்றது. இரண்டு மணி நேரம் வரிசை. இடையில் செருகினவர்களை நான் திருநெல்வேலித் தமிழில் சொன்னதெல்லாம் ஆண்டவர் மன்னிக்கட்டும். உள்ளே கல்லறைக்கு முன் முழங்கால் போட்டு ஒரு வார்த்தை ஆரம்பிக்குமுன் வாசலில் நின்றவர் கைதட்டிவிட்டார், எழுந்துவிட வேண்டும். அத்தை, இயேசுவின் உடலைக் கிடத்தியதாகச் சொல்கிற அபிஷேகக் கல்லில் கைக்குட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் வெறும் மனசோடு வெளியே வந்தேன். இவ்வளவு தூரம் வந்து பொருத்தனையின் நன்றியைச் சொல்லவே இல்லையே என்று ஒரு பதைப்பு.

அங்கிருந்து சிங்க வாசல் பக்கம் இருக்கிற புனித அன்னாள் ஆலயத்துக்குப் போகவேண்டும், மத்தியானம் பன்னிரண்டுக்கு அடைத்துவிடுவார்கள் என்று வழிகாட்டி ஓடுகிறார், நாங்கள் கடைத்தெருவில் அகப்பட்டுக்கொண்டோம். "இந்தியா! அமிதாப் பச்சன்! ஒன் டாலர்!" என்று கையைப் பிடிக்காத குறை. ஒலிவமரச் சிலுவை விற்கிற ஒருவர் குனிந்து மகளிடம் பேர் கேட்டார். என் கணவர் ஹன்னா என்றார். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "ஹன்னாவா? அது எங்க மாமா பேர்! மீசை வச்சிருப்பார்!"

மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது, இங்கேயும் வந்து கேலியா என்று. வழிகாட்டி திரும்பி வந்து விளக்கினார். அரபிக் கிறிஸ்தவர்களிடம் ஹன்னா என்றால் ஆண்பிள்ளைப் பேர், யோஹன்னாவின் சுருக்கம். பெண் பேரும் உண்டு, முடிவில்தான் சின்ன வித்தியாசம். "யோஹன்னா, ஹன்னா, இரண்டும் ஒரே வேர்தான்" என்றார். கர்த்தர் கிருபை செய்தார் என்றால் யோவான். கிருபை மட்டும் தனியே நின்றால் அன்னாள்.

இதை என் கணவர் அத்தைக்குத் தமிழில் சொன்னார். கடைத்தெருவின் நடுவில், பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரன் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, அத்தை அப்படியே நின்றுவிட்டார்கள். "யோவானும் அன்னாளும் ஒரே பேரா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அப்புறம் பேரம் பேசாமல் அந்த ஆள் சொன்ன விலைக்கே ஒரு சிலுவை வாங்கினார்கள். தக்காளிக்கு ஐந்து ரூபாய் குறைக்காமல் நகராதவர்கள்.

ஆலயத்துக்கு வந்தபோது பதினொன்று இருபது. வாசலுக்கு மேலே அரபி எழுத்து. சலாவுதீன் இதை 1192-ல் மார்க்கப் பள்ளியாக்கினபோது வெட்டியதாம். பிறகு 1856-ல் துருக்கி சுல்தான் பிரான்சுக்குக் கொடுத்திருக்கிறார். பக்கத்திலேயே பெதஸ்தா குளம், ஐந்து மண்டபம், இயேசு குணமாக்கின முப்பத்தெட்டு வருஷ வியாதிக்காரன். இப்போது ஆழமான பள்ளமும் இடிந்த சுவர்களும். "தண்ணியே இல்லையே" என்றாள் மகள்.

இந்த அன்னாள் மரியாளின் தாயார். வேதத்தில் இவர்கள் பேர் கிடையாது, பழைய மரபில் வருகிறது. லூக்காவில் தேவாலயத்தைவிட்டு நீங்காத எண்பத்துநாலு வயசு விதவை அன்னாள் வேறே. மூன்று அன்னாள்! உள்ளே வெறும் வெள்ளைக் கல், அலங்காரமே இல்லை. ஆனால் ஒரு சத்தம் போட்டால் அது கூரைக்கு ஏறி, சுற்றி, நாம் நிறுத்தின பிறகும் நின்று ஒலிக்கிறது. அதற்காகவே எல்லா நாட்டுக்காரர்களும் முறை வைத்துப் பாடுகிறார்கள். எங்களுக்கு முன்னால் கொரியாக்காரர்கள், நாலு குரலில், அச்சுப் பிசகாமல். அவர்கள் முடித்ததும் எங்கள் கூட்டத்தில் யார் ஆரம்பிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், ஐயருக்கே தொண்டை கட்டியிருந்தது.

அத்தை ஆரம்பித்தார்கள். சுருதி எப்போதும் போலத் தப்புதான். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையில் முகச்சவரம் பண்ணிக்கொண்டே பாடுகிற பழைய கீர்த்தனை. ஒரு கையில் கைக்குட்டையும் சிலுவையும், மறு கை என் மகள் தலையில். தப்பான சுருதி அந்தக் கூரைக்குப் போய் எப்படியோ சரியாகித் திரும்பி வந்தது, அதற்குள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், கொரியாக்காரர்களில் சிலர் போகாமல் நின்று கேட்டார்கள். எனக்கு மனப்பாடமான பாட்டு. முதல் அடி, இரண்டாம் அடி, ஆண்டவரே நன்றி, மூன்றாம் அடி, நன்றி, இவளுக்காக, அத்தைக்காக, அந்தக் கடைக்காரரின் மீசைக்கார மாமாவுக்காகக்கூட. மகள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, உன் வாய் மட்டும் அசையுது, சத்தமே வரலை."

கீழே குகைக்கு இறங்கிப் பார்த்தோம், மரியாள் பிறந்த இடம் என்கிறார்கள். நேரமாகிவிட்டது என்று மேலே வரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் புது நகரத்துக் கடை ஒன்றின் கண்ணாடியில் எபிரெயத்தில் பெரிதாக என்னவோ எழுதியிருந்ததை வழிகாட்டி மகளுக்குக் காட்டினார். "ஹினாம்" என்று வாசித்தார். இலவசம் என்று அர்த்தம். "இதுவும் உன் பேரின் சொந்தக்காரன்தான்" என்றார். கழிப்பறைக்கெல்லாம் சேக்கல் எண்ணிக் கொடுத்த எரிச்சலில் இருந்த எங்கள் கூட்டம் சிரித்துவிட்டது.

ஊருக்கு வந்து முதல் நாளே மகள் பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், என் பேருக்கு இலவசம் என்று அர்த்தம் என. இப்போது அந்நாள் இந்நாள் போய், "இலவச மிக்ஸி, இலவச கிரைண்டர்" ஆகிவிட்டது. அழுதுகொண்டு வந்தவளை அத்தை மடியில் இழுத்துக்கொண்டார்கள். "போளா, கவர்மெண்டே அதை இலவசம்னு சொல்லலை. பெட்டி மேலே என்ன போட்டிருக்குன்னு போய்ப் பாரு."

அடுக்களைக்குப் போய், எழுத்துக் கூட்டி, வாசித்தாள். "வி-லை-யில்-லா."