யார் மீது தப்பு என்று கேட்காத வேலை

ஒப்பந்தத் தகராறுகளில் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. சுற்றிலும் வழக்கறிஞர்கள், நடுவில் பொருளாதாரம் படித்த நான். சேர்ந்த புதிதில் பேச்சே ஒட்டவில்லை. கோப்பைத் திறந்ததும் யார் சொல் தவறியது என்று அவர்கள் தேடுவார்கள். இந்தத் தீர்ப்பைப் பார்த்துவிட்டு அடுத்து ஒப்பந்தம் போடுகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நான் யோசிப்பேன். “நடந்ததுக்கு நியாயம் கேட்டு வந்திருக்காங்க, நீங்க நடக்கப்போறதைப் பேசறீங்களே” என்றார் ஒரு மூத்த வழக்கறிஞர்.

அவருக்கு நான் சொன்னது 1879இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஸ்டர்ஜஸ் – பிரிட்ஜ்மன் வழக்கை. மிட்டாய் தயாரிப்பவர் ஒருவர் பல வருடங்களாக உரலில் இடித்து வந்தார். பக்கத்து மனையில் இருந்த மருத்துவர் தோட்டத்துக் கோடியில் நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். அப்புறம்தான் இரைச்சல் தொந்தரவானது. வென்றது மருத்துவர். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையில் இதைத் திருப்பிப் பார்த்தார். இரைச்சல் மருத்துவரைப் பாதிக்கிறது என்றால், தடை மிட்டாய்க்காரரைப் பாதிக்கிறது. செலவே இல்லாமல் பேரம் பேச முடிந்தால், யார் வென்றாலும் அந்த உரிமை அதை அதிகம் மதிக்கிறவர் கைக்குப் போய்விடும். யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்பதுதான் மாறும். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் நிஜத்தில் பேரத்துக்குச் செலவு உண்டு, அதனால்தான் சட்டம் உரிமையை யாரிடம் வைக்கிறது என்பது முக்கியம் என்ற பாதிதான் எங்கள் அலுவலகத்துக்குத் தேவைப்படுவது.

சமரசப் பேச்சில் இது நன்றாகத் தெரியும். கோரிக்கை நூறு என்று வையுங்கள். தன் வெற்றி வாய்ப்பு 70 சதவீதம் என்று வாதி நம்புகிறார். அவருக்கு 40 சதவீதம்தான் என்கிறார் பிரதிவாதி. ஆளுக்குப் பத்து வழக்குச் செலவு என்றால், எழுபதில் செலவு போக வாதி அறுபதுக்குக் கீழே இறங்கமாட்டார், நாற்பதோடு செலவைச் சேர்த்துப் பிரதிவாதி ஐம்பதுக்கு மேலே ஏறமாட்டார். செலவு இருபதானால் வாதிக்கு ஐம்பதே போதும், பிரதிவாதி அறுபது வரை வருவார். எல்லோரும் திட்டும் அந்தச் செலவுதான் அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கிறது! இதைவிட மலிவான வழி, ஆவணங்களைச் சீக்கிரமே பரிமாறிக்கொள்வது. எதிராளியின் காகிதங்களைப் பார்த்ததும் 70 தானாக இறங்கும். வாதத்திறமை இவ்வளவு வேகமாக எண்களை நகர்த்தி நான் பார்த்ததில்லை.

கவனக்குறைவுக்கு அமெரிக்க நீதிபதி லெர்னட் ஹேண்ட் 1947இல் தந்த சூத்திரமும் உண்டு: விபத்தின் வாய்ப்பையும் இழப்பின் அளவையும் பெருக்கினால் வருவதைவிடத் தடுப்புச் செலவு குறைவாக இருந்தும் தடுக்காதவர் பொறுப்பாளி. அழகான சூத்திரம்தான், ஆனால் அதில் போட வேண்டிய எண்களோடு யாரும் வருவதில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது 1962இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் தீர்த்த பீவிஹவுஸ் வழக்கு. பீவிஹவுஸ் தம்பதியின் பண்ணை நிலத்தில் நிலக்கரி தோண்டிய நிறுவனம், முடித்ததும் நிலத்தைச் சீராக்கித் தருவதாக எழுதிக்கொடுத்துவிட்டுச் செய்யவில்லை. சீராக்கச் சுமார் 29,000 டாலர் ஆகும். சீராக்காததால் நிலத்தின் சந்தை மதிப்பில் குறைந்ததோ வெறும் 300 டாலர். நீதிமன்றம் 300தான் கொடுத்தது. 300 மதிப்புக்கு 29,000 செலவழிப்பது வீண் என்று என் கணக்கும் சொல்லும். சரி, அப்படியானால் அந்தத் தம்பதி எதற்காக அந்த ஷரத்தைக் கேட்டு வாங்கினார்கள்? விற்கவே நினைக்காதவர்களின் நிலத்துக்குச் சந்தை விலை என்ன அளவுகோல்?

அதனால், இப்படி ஏதாவது ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் கட்சிக்காரரிடம், மீறினால் முழுச் செலவையும் தர வேண்டும் என்று வெளிப்படையாக எழுதச் சொல்கிறேன். உடனே எதிர்த்தரப்பு விலையை ஏற்றும். அதைக் கேட்டதும் சிலர் ஷரத்தையே விட்டுவிடுகிறார்கள். விடாதவர்களின் கோப்பில் சந்தை மதிப்பைத் தேடும் வேலை எனக்கு இல்லை.