காப்பு நூல் வரை பிரித்த சால்வை

அந்த லேஸ் சால்வையைக் காப்பு நூல் வரை, அதாவது பிரிக்க நேர்ந்தால் கண்ணிகளைத் தாங்கிக்கொள்ள இடையில் கோத்து வைத்த நூல் வரை, பிரிக்கச் சொன்னது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. பட்டும் மெரினோ ஆட்டுக் கம்பளியும் கலந்த மெல்லிய நூல், வரிசைக்கு 300-க்கும் மேற்பட்ட கண்ணிகள். அவற்றில் 12 கண்ணிகள் இருக்க வேண்டிய, வடிவத்தின் ஒரு கட்டத்தில் 11 மட்டுமே இருந்தன. "அக்கா, நூல் போட்டிருக்கே, பிரிச்சிடட்டுமா?" என்று அதைப் பின்னிக்கொண்டிருந்த பெண் கேட்டாள். "பிரிச்சிடு" என்றேன். யோசிக்க எதுவும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

சாதாரணப் பின்னலாக இருந்தால் இதைப் பற்றி எழுதவே மாட்டேன். அதில் ஊசியை உருவிவிட்டுப் பிரித்தாலும் கண்ணிகள் வாய் திறந்தபடி வரிசையாக நிற்கும், மறுபடி கோத்துக்கொள்ளலாம். துளைகளால் வடிவம் அமைக்கும் லேஸ் பின்னலில், ஊசிமேல் நூலைச் சுற்றி உண்டாக்கிய துளைக்கு அடியில் பிடிமானமாக ஒரு கண்ணி கிடையாது. பிரித்த கணத்தில் அது வெறும் நூலாகிக் காணாமல் போய்விடும். சேர்த்துப் பின்னிய இரண்டு கண்ணிகளோ, எது எதன்மேல் சாய்ந்திருந்தது என்பதைக் காட்டாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அதனால்தான் துளைகள் இல்லாத பின்பக்கத்து வெற்று வரிசை முடிந்தவுடன், மழுங்கிய முனையுள்ள ஊசியில் வேறு நிறத்து வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்து, கட்டங்களைப் பிரித்துக் காட்டும் அடையாள வளையங்களில் அது மாட்டிக்கொள்ளாதபடி எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் செலுத்தி, இரு முனைகளிலும் தாராளமாக நீளம் விட்டு வைக்கிறோம். வடிவம் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் ஒரு காப்பு நூல், எப்போதும் குறைந்தது இரண்டு நூல்கள் துணியில் இருக்க வேண்டும் என்பது நான் வைத்த விதி. அந்த விதியை அவள் ஒருமுறைகூட மீறியதில்லை.

அவள் பிரித்தாள். கண்ணிகள் அனைத்தும் அந்தப் பருத்தி நூலில் பத்திரமாக நின்றன. ஓர் அளவு மெல்லிய ஊசியால் அவற்றை ஏந்தி, திரும்பி உட்கார்ந்திருந்த கண்ணிகளை நேராக்கி, எண்ணிப் பார்த்துக் கணக்கு சரி என்றாள். அதன் பிறகு, ஒரு பெரிய பாரம் இறங்கியவளைப் போல, "எந்த இடத்துல தப்பு நடந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியலக்கா" என்றாள். நான் தலையசைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த வாக்கியம் அன்று மாலைதான் எனக்குள் முழுமையாக வந்து சேர்ந்தது.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. தவறு நேர்ந்த கட்டத்தின் கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து விடுவித்து, கீழே பிழையுள்ள வரிசை வரை இறக்கி, குறுக்கே தொங்கும் ஒவ்வொரு நூலையும் வரிசை மாறாமல் எடுத்து, இரண்டு குட்டை ஊசிகளால் மறுபடி மேலே கட்டிக்கொண்டு வரலாம். ஆனால் பட்டு கலந்த நூல் வழுக்கும். பக்கத்துக் கட்டத்தின் கண்ணிகளும் சேர்ந்து இறங்கிவிடக்கூடும். மீட்டுக் கட்டிய பகுதியின் இறுக்கம் மாறினால், நனைத்து விரித்துக் குத்தூசிகளால் நிறுத்திக் காயவைத்த பின்னும் அது தெரியும். அந்த முறையை ஒருபோதும் செய்து பார்க்காத ஒருவர், பிறருக்குப் போய்ச்சேர வேண்டிய சால்வையில் அதைக் கற்கத் தொடங்கக் கூடாது. இந்தக் கருத்தில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை.

என்னை உறுத்துவது பிரித்தது அன்று, பார்க்காமல் பிரித்தது. ஒரு துளை விடுபட்டால் அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு வரிசையும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்: இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னிய குறைப்புகள் சாய்வாக ஏறிவரும் கோடு ஒரு கண்ணி விலகும், இலை வடிவத்தின் நடு நரம்பு வளையும். வெளிறிய துணியை இருண்ட பரப்பின்மேல் விரித்து வைத்தால் பழகாத கண்ணுக்கும் அது பிடிபட்டிருக்கும். நூலை உருவி எடுத்துவிட்ட பிறகு அந்தச் சாட்சியம் எங்குமே இல்லை. அதே வடிவத்தில் அதே இடத்தில் அவள் மறுபடி தடுமாறமாட்டாள் என்பதற்கு உறுதி என்ன? ஆனாலும், பதற்றத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கைகளிடம் போய், முதலில் பிழையைப் படித்துக் காட்டு என்று சொல்வது எவ்வளவு நியாயம் என்றும் தோன்றுகிறது. முதலில் அச்சம் தீர வேண்டும். அதைத் தீர்த்தது அந்த நூல்தான்.

எங்களுடன் பணியாற்றிய மூத்தவர் ஒருவர் காப்பு நூலே போடமாட்டார். நூல் இருந்தால் கண் தூங்கிவிடும் என்பார். நான் அதை ஏற்றதில்லை. அவருக்குக் கிடைத்த நிதானமான ஆண்டுகள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கவனம் மட்டும் போதும் என்று நம்பிப் பின்னப்பட்ட பல வாரத்து வேலை ஒரே இழுப்பில் போனதையும் பார்த்திருக்கிறேன். இருபக்கமும் வடிவம் ஓடும் லேஸில், இளைப்பாற ஒரு வெற்று வரிசைகூட இல்லாத இடத்தில், நூல் இல்லாமல் என்ன செய்வது? இத்தனை நியாயங்கள் என்னிடம் இருந்தும், அவர் சொன்னதில் பாதியையாவது அன்று என் கண்ணெதிரே பார்த்தேனோ என்ற ஐயம் போகவில்லை.

சில நாட்களில் அவள் வந்து, இனி நான்கு வரிசைக்கு ஒரு காப்பு நூல் போடலாமா என்று கேட்டாள். முனையைக் கழற்றி மாட்டும் வட்ட ஊசியில், இறுக்குவதற்கென்று விடப்பட்ட சிறு துளையில் நூலைக் கோத்துவிட்டால், பின்னும்போதே அது கண்ணிகளின் ஊடாகப் போய்விடும். தனியாக நேரம் ஆகாது என்று காட்டிக் கொடுத்தேன். போடு என்றும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. நூல்கள் கூடினால் அவள் பிழையைத் தேடுவது இன்னும் குறையும் என்றுதானே அத்தனை நாளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்?

அதற்கு ஈடாக ஒன்றை மட்டும் சேர்த்தேன்: பிரிப்பதற்கு முன் பிழை எந்த வரிசையில், எந்தக் கட்டத்தில் என்று சொல்ல வேண்டும். அவள் இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறாள். சொல்லிவிட்டு, இறக்கிச் சரிசெய்யக்கூடிய சிறிய பிழைக்கும் காப்பு நூல் வரைதான் பிரிக்கிறாள். நான்கு வரிசைதானே அக்கா என்கிறாள். கணக்குப் பார்த்தால் அதுவே விரைவாகவும் முடிகிறது. தடுப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை; ஆனால் ஒவ்வொரு முறையும் தடுக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.